வெயிலில் வைத்த கண்

புதிதாகத் தண்ணீர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது எங்கே போய் முடிய வேண்டும் என்று பாதியில் மறந்துவிடுகிறது. ஆட்கள் சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறது; எது முன்னுக்கு நடந்தது, எது பின்னுக்கு நடந்தது என்பது குழம்பிப் போகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இதைவிட மோசமாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் எனக்குக் கதை வராது.

உங்களிடம் இப்போது பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரையே குடிக்கிற தண்ணீராக்கிவிடுகிறீர்கள். நான் வேலை செய்த காலத்தில் நெடுந்தீவில் எங்கள் பக்கத்துக்கு இருந்தது ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதற்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். கொட்டிலுக்குள் சுவரோடு பூட்டிய, என் கை நீளத்துக்கு ஓர் எவர்சில்வர் குழாய். அவ்வளவுதான்.

சமாதான காலத்தில் வெளியில் இருந்து உதவிக்கு வந்த ஒரு நிறுவனம் அதைக் கட்டித் தந்தது. கிணற்றுக்கு ஆகக் கிட்டிய வீடு என்னுடையது. அதனால்தான் வேலை எனக்குக் கிடைத்தது. வேறு கெட்டித்தனம் ஒன்றும் காரணம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கிணறு உங்கட வீட்டில இருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டதற்கு மட்டும் "மதிலுக்கு அங்கால" என்றேன். அது காணும், வேறொன்றும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

என்னோடு வேலைக்கு எடுபட்டவர் பேதுரு அண்ணை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். படகு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். கிணற்றில் இருந்து தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றுகிற பம்ப் அவருடைய பொறுப்பு. தொட்டியில் இருந்து மணல் வடிகட்டிக்கு வந்து, அந்த எவர்சில்வர் குழாய்க்குள் போய் வெளியே வருகிற தண்ணீர் என்னுடைய பொறுப்பு.

குழாயைப் பூட்ட யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் இஞ்சினியர் பிள்ளை வந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைவிட எத்தனையோ வயது இளையவள். அவள்தான் எனக்கு வேலை பழக்கியது. பிழை விட்டால் ஏச மாட்டாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பாள். ஏசினால் பரவாயில்லை என்றிருக்கும்.

குழாயின் நடுவில் மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று. அந்தக் குழலுக்குள் லாம்பு. தண்ணீர் குழலைச் சுற்றிக்கொண்டு ஓடும். லாம்பில் இருந்து வருகிற வெளிச்சம் தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்லும். குழாயின் பக்கத்தில், தண்ணீர் வெளியே வராதபடி அடைத்த ஒரு சின்னப் பளிங்குக்கு மேல், விரல் நுனியளவு ஒரு சாமான் திருகியிருந்தது. அதை நாங்கள் கண் என்று சொன்னோம். லாம்பின் வெளிச்சம் தண்ணீரைக் கடந்து தன்னிடம் வந்து சேருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வந்தால் மீற்றரின் முள் கோட்டுக்கு மேலே நிற்கும், பச்சை எரியும், தண்ணீர் போகும். குறைந்தால் முள் இறங்கும், சிவப்பு எரியும், வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

திறப்பு விழாவில் ஊர் முழுக்க வந்து நின்றது. இஞ்சினியர் பிள்ளை கண்ணை வயரோடு கழற்றி வெளியே கொண்டுவந்தாள். பெரிய டோர்ச் ஒன்றை அதன் முகத்துக்கு நேரே அடித்தாள். முள் அசையவில்லை.

"குருட்டுக் கண்ணைக் கொண்டு வந்து பூட்டிப் போட்டினம்" என்றார் பேதுரு அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்துக்கொண்டு கண்ணை வெயிலுக்குத் திருப்பினாள். முள் துள்ளிக்கொண்டு மேலே போனது.

"நாங்கள் பாக்கிற வெளிச்சம் ஒண்டும் இதுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாத வெளிச்சம்தான் இதுக்குத் தெரியும். அது வெயிலிலயும் இருக்கு, இந்த லாம்பிலயும் இருக்கு. அதுதான் கிருமியைக் கொல்லுறது" என்றாள்.

பிறகு எனக்குத் தனியே சொன்னாள், அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது காலியம் நைட்ரைட் என்கிற ஒரு வகைப் பளிங்கு என்று. குறைகடத்தி என்று சொல்வார்களாம். மற்றச் சாமான்களில் போடுகிற சிலிக்கன் பகல் வெளிச்சத்தையும் கண்டு எண்ணிவிடும், அதால் ஏமாந்து போகும்; இது அப்படி ஏமாறாது என்றாள். அந்தப் பெயரை நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். இன்றைக்கும் மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்துவிடுகிறேன், காலியம் நைட்ரைட் மறக்கவில்லை.

தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

தீவில் இருக்கிற எவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானுக்கும் எண்ணெய் பூசுவது. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். சைக்கிளுக்குப் பூசுவோம், பூட்டுக்குப் பூசுவோம், தையல் மெசினுக்குப் பூசுவோம். பேதுரு அண்ணை ஒருநாள் பம்புக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கண்ணையும் கழற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெயில் ஒரு துளி தடவி, பளபளவென்று திருப்பிப் பூட்டிவிட்டார். அன்போடு செய்த வேலை. அடுத்த நிமிடம் சிவப்பு.

நாங்கள் இருவரும் லாம்பைப் பார்த்தோம், தண்ணீரைப் பார்த்தோம், வயரைப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போது படகு ஒழுங்காக ஓடிய காலம். இஞ்சினியர் பிள்ளை வந்தாள். கண்ணைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"அம்மா, இதில என்ன தெரியுது?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. கண்ணாடி மாதிரி வடிவா இருக்கு."

அவள் பேசாமல் நின்றாள். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. மணந்து பார்த்தேன்.

"எண்ணெய்" என்றேன்.

"எங்களுக்கு எண்ணெய் கண்ணாடி மாதிரி. இதுக்கு அது சுவர் மாதிரி" என்றாள்.

பேதுரு அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "துருப் பிடிச்சிடும் எண்டுதான் பிள்ளை…" என்றார்.

"இதுக்குத் துரு பிடியாது அண்ணை. நீங்கள் உங்கட பம்பைக் கவனியுங்கோ, இதை அம்மா கவனிக்கட்டும்."

நான் அன்று எடுத்துக்கொண்டது இதுதான். எங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பது ஒரு சாட்சி இல்லை. வேறு விதமாகப் பார்க்கிற ஒன்றை வேலைக்கு வைத்துவிட்டு, அது எங்களைப் போலப் பார்க்கவில்லை என்று கோபிக்கக் கூடாது.

அவள் கடைசியாக வந்து போனபோது மூன்று விஷயம் சொன்னாள். சிவப்பு எரிந்தால் பிழை மூன்றில் ஒன்று: தண்ணீர் கலங்கியிருக்கும், அல்லது கண்ணாடிக் குழல் மங்கியிருக்கும், அல்லது லாம்பு கிழடாகியிருக்கும். லாம்பு எரியும்போது குழாயைத் திறந்து பார்க்கக் கூடாது, எங்கள் கண் போய்விடும். கண்ணாடிக் குழலை அவசரத்தில் தொடக் கூடாது. "அது முட்டைக் கோது மாதிரி அம்மா. வேற இல்லை. உடைஞ்சால் நான் கொண்டு வரும்வரைக்கும் உங்களுக்குத் தண்ணி இல்லை."

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. அந்த நிறுவனம் போய்விட்டது. அவளும் எங்கே போனாள் என்று தெரியவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு போவதும் வருவதும் கடற்படை விட்டால்தான். சில கிழமை விடுவார்கள், சில கிழமை விடமாட்டார்கள். எங்கள் கொட்டிலுக்குச் சம்பளம் தர ஒருவரும் இல்லை. பேதுரு அண்ணை பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் காலையில் போய்த் திறந்துகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதிலுக்கு அங்கால என்றால் போகத்தானே வேண்டும்.

இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொட்டில் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவரும் தண்ணீர் கொதிக்க வைப்பதில்லை. விறகு மிச்சம். பச்சை எரிந்தால் அப்படியே குடிக்கலாம் என்று சனம் பழகிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

அந்த வருடம் மாரி மழை பெரிதாகப் பெய்து, மாடும் குதிரையும் மேய்ந்த தரவை வெளியெல்லாம் வெள்ளம் ஓடி, கிணறுகள் வாய்வரை நிரம்பின. மழை விட்டு வெயில் திரும்பியதும் ஊரில் வயிற்றாலடி, வயிற்றுப்போக்கு, தொடங்கியது. பேதுரு அண்ணையின் மகளின் கைக்குழந்தைக்கும் வந்தது. அந்த வீட்டில் அவர்கள் தூங்கவில்லை. குழந்தை பிழைத்தெழும்பி, கண் உள்ளே போய், அழுவதற்கும் பெலன் இல்லாமல் கிடந்தது. இன்னொரு தரம் வந்தால் இங்கே வைத்துப் பார்க்க ஏலாது, யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கிழமை படகு ஓடவில்லை.

அந்த நிலைமையில்தான் எங்கள் வேதக் கோயில் திருநாள் வந்தது.

திருநாள் காலையில் கொட்டிலைத் திறந்தேன். சிவப்பு எரிந்தது. முள் கோட்டுக்குக் கீழே கிடந்தது. கொஞ்சம்தான் கீழே. நான் வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். கலக்கம் இல்லை. லாம்பைப் பார்க்கிற சின்னக் கண்ணாடித் துளையால் பார்த்தேன். நீலமாக எரிந்தது. அப்படியென்றால் குழல், இல்லாவிட்டால் லாம்பு. குழல் என்றால் கழற்றிக் கழுவலாம். ஆனால் லாம்பை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, நடுங்காத கையோடு செய்ய வேண்டிய வேலை. வெளியில் சனம் வாளியோடு நிற்கும்போது செய்யக்கூடியதில்லை. உடைந்தால் வேறு குழல் வரப் படகு வேண்டும். திருநாள் முடிந்து சனம் போன பிறகு செய்வோம் என்று தீர்மானித்தேன்.

பேதுரு அண்ணை வந்ததும் சொன்னேன். அவர் முகம் சரியில்லை. "திருநாள் அண்டைக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

இனித் திருநாள் சங்கத் தலைவருக்குச் சொல்ல வேண்டும். அவர் ஒலிபெருக்கியில் அறிவித்தால் சனம் கொட்டிலுக்கு வராது. கோயிலுக்குப் போனேன். தலைவரைச் சுற்றி ஆம்பிளையள் நின்றார்கள். அவர் ஒருவரோடு கதைத்து முடிக்க இன்னொருவர் வந்தார். நான் சுவர் ஓரமாக நின்றேன். இடையில் புகுந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. பூசையும் தொடங்கிவிட்டது. பூசை முடிய நேரே கொட்டிலுக்குத் திரும்பினேன்.

குழாயடியில் வரிசை நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. தானாகச் சரிவந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சை எரிகிறது, முள் மேலே நிற்கிறது. குழாயில் கண் இருந்த இடத்தில் பேதுரு அண்ணையின் துவாய் மடித்து அடைத்திருந்தது. வெளிச்சம் ஒருவரின் கண்ணிலும் படக் கூடாது என்று, அவ்வளவு கவனம். கண்ணின் வயர் யன்னலால் வெளியே போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். யன்னல் கம்பியில் வலை நூலால் கட்டி, கண்ணை உச்சி வெயிலுக்கு நேரே திருப்பி வைத்திருந்தார். திறப்பு விழாவில் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

சத்தம் போட எனக்குத் தெரியாது. நான் வெளியே யன்னலடிக்குப் போய் உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினேன்.

உள்ளே வால்வு மூடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் இருமிவிட்டு நின்றது.

"ஏன் நிண்டது?"

"ஆர் பூட்டினது?"

"உந்த மனிசிதான். பாருங்கோ, கையைப் பொத்திக்கொண்டு நிக்கிறா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் அத்தனை பேர் என்னை ஒரேயடியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கலியாணத்திலும் இவ்வளவு இல்லை.

பேதுரு அண்ணை கிட்ட வந்தார். மெல்லமாகத்தான் கதைத்தார். "கையை எடும் தங்கச்சி. சனம் வெயிலுக்க நிக்குது."

"அண்ணை, இது வெயிலைப் பாத்துத்தானே ஓம் எண்டு சொல்லுது. தண்ணியைப் பாக்கேல்லையே."

"லாம்பு எரியுதுதானே. நீரும் பாத்தனீர், நானும் பாத்தனான். நீலமா வடிவா எரியுது."

"எங்களுக்கு எரியுது. கிருமிக்கு எரியுதோ தெரியாது."

வரிசையில் ஒருவர், "அப்ப கிருமியைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்" என்றார். சிரித்தார்கள். திருநாள் சமையலுக்குப் பொறுப்பான திரேசம்மா, வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். சின்ன வயதில் இருந்து என்னைத் தெரிந்தவள்.

"இப்ப நாங்கள் என்னத்தைக் குடிக்கிறது? உன்ர கையையோ?"

நான் கையை எடுக்கவில்லை. அதற்குள் தலைவருக்கு ஆள் போய், அவர் பட்டுச் சால்வையோடு வந்து சேர்ந்தார்.

"நீர் ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீர்?"

நான் மற்றக் கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்ச தண்ணி இல்லையெண்டால் சனம் என்ன செய்யும் எண்டு யோசிச்சனீரோ? மாட்டுக் கேணியில போய்க் குடிக்கும். வரேக்க பாத்தனான், ரெண்டு பேர் அந்தப் பக்கம் வாளியோட போகினம். அது உமக்குப் புண்ணியமோ?"

பிள்ளைகள், அவர் சொன்னது பிழை இல்லை. இதைத்தான் நான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். மூடிவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்று எனக்கும் அதுவரை எண்ணம். மூடினால் என் கை சுத்தம். ஆனால் தாகத்தோடு போகிறவர் இதைவிட மோசமான தண்ணீரைத் தேடிப் போவார். அது என் கொட்டிலில் நடக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். திறந்து விட்டாலும் பிழை. பச்சையை நம்பிக் கொதிக்க வைக்காமல் குடிக்கிற சனத்துக்குப் பொய்ப் பச்சை காட்டுவது, நஞ்சுப் போத்திலில் மருந்து என்று ஒட்டுவது போல. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. வெயிலில் கை சுட்டது.

அப்போதுதான் பேதுரு அண்ணையின் மகளைக் கண்டேன். வரிசையில் முதல் ஆளாக நின்று ஒரு போத்தில் பிடித்து எடுத்து, நிழலில் ஒதுங்கி நின்றாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது. பேதுரு அண்ணை ஏன் இதைச் செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. திருநாளுக்காகச் செய்யவில்லை. பேத்தியின் போத்திலுக்காகச் செய்திருக்கிறார்.

"அண்ணை" என்றேன். "அந்தப் போத்தில் பிள்ளைக்குத்தானே?"

"ஓம்."

"இந்தத் தண்ணியில அப்பிடியே மாவைக் கரைச்சுக் குடுப்பியளோ? நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ, நான் கையை எடுக்கிறன்."

அவர் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். கட்டி வைத்த கண்ணைப் பார்த்தார். பிறகு மகளிடம் நடந்து போய்ப் போத்திலை வாங்கி, மதிலடியில் கவிழ்த்து ஊற்றினார். மகள், "என்ன அப்பா இது?" என்றாள். திரும்பி வந்து வலை நூலை அவரே அவிழ்த்தார்.

சனத்தின் சத்தம் அதோடு தணிந்துவிட்டது. சொந்தப் பேத்திக்கு ஊற்றாத தண்ணீரை ஊருக்கு ஊற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

திரேசம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப கொதிக்க வைக்க வேண்டியதுதானே. என்னை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை? ரெண்டு பெரிய சமையல் கிடாரமும் கழுவிக் கவிட்டுக் கிடக்குது. அடுப்பு இன்னும் தணல்."

"உந்தச் சனம் முழுக்கவோ?" என்றார் தலைவர்.

"வருசா வருசம் சோறு போடுறனான் உந்தச் சனம் முழுக்க. தண்ணி போட மாட்டனோ?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எவர்சில்வர் குழாய்க்குப் போகாமல் தொட்டியில் இருந்து நேரே எடுக்கிற ஒரு பக்கக் குழாய் இருந்தது. பிழை பார்ப்பதற்காக இஞ்சினியர் பிள்ளை வைத்தது. அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் தந்திருந்தாள். நான் அதைத் திறந்து, கிடாரத்துக்குப் போகிற வாளிகளுக்கு மட்டும் பிடித்தேன். வேறு பாத்திரம் நீட்டினவர்களுக்குத் தலையை ஆட்டினேன். பேதுரு அண்ணை அந்தக் குழாயடியிலேயே காவல் நின்றார். ஆம்பிளையள் வாளி சுமந்தார்கள். எரிக்கப் பனம் மட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் கோயில் வளவில் குவிந்து கிடந்தன. தலைவர் சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் சொன்னார்: கொட்டிலில் கண் சரியில்லை, கொதித்த தண்ணீர் கோயில் வளவில் கிடைக்கும், கேணிப் பக்கம் ஒருவரும் போக வேண்டாம். மூன்று தரம் சொன்னார். நான் காலையில் சொல்ல வராமல் சுவரோடு நின்ற அதே சேதி.

கொதித்த பிறகு இன்னொரு சண்டை. திருநாளுக்கு வந்த சனத்துக்கு வெறும் சுடுதண்ணீர் கொடுப்பதோ, தன் மானம் என்னாவது என்று திரேசம்மா தேயிலையை அள்ளிப் போட்டாள். அந்த உச்சி வெயிலில் ஊர் முழுக்க வேர்த்து ஒழுக ஒழுகப் பால் இல்லாத பிளேன்ரீ குடித்தது. "தாகத்துக்கு வந்தவனை அவிச்சு அனுப்புறியள்" என்று ஒருவர் பகிடி விட்டார். ஆனால் கோப்பையை நீட்டி இரண்டாம் தரமும் வாங்கினார்.

தேயிலை போடுமுன் திரேசம்மா ஒரு செம்பு தண்ணீர் தனியே எடுத்து மூடி வைத்திருந்தாள். ஆறியதும் பேதுரு அண்ணையின் மகளைக் கூப்பிட்டு அவளுடைய போத்திலைக் கழுவி நிரப்பிக் கொடுத்தாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை, குழாயடியில் ஒருவரும் இல்லாத நேரம், நானும் பேதுரு அண்ணையும் லாம்பை அணைத்து ஆறவிட்டுக் குழலைக் கழற்றினோம். ஈரத்தோடு பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. துணியில் வைத்துக் காயவிட்டோம். காயக் காய, பூ விழுந்த கண் போல வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது. எங்கள் தீவே சுண்ணாம்புக் கல். தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு, லாம்பின் சூட்டுக்குக் குழலில் படிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிகிறதே, அதே சாமான்தான். இஞ்சினியர் பிள்ளை தந்த கழுவுகிற தூள் எப்போதோ முடிந்துவிட்டது. புளி சுண்ணாம்பைக் கரைக்கும் என்று பேதுரு அண்ணை வீட்டுக்குப் போய்த் தேசிக்காய் கொண்டுவந்தார். அவர் பிழிந்து தர, நான் பஞ்சில் தொட்டுத் தொட்டுக் கழுவினேன்.

"உமக்குக் கை நடுங்கேல்லையே" என்றார்.

"நேற்று நடுங்கி முடிஞ்சுது அண்ணை."

அவர் இன்னொரு தேசிக்காயை வெட்டினார். "நான் வேணுமெண்டு செய்யேல்லைத் தங்கச்சி" என்றார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகும் பல காலம் சேர்ந்து வேலை செய்தோம்.

குழலைப் பூட்டி, கண்ணை அதன் இடத்தில் திருகி, லாம்பைப் போட்டோம். லாம்பு சூடேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முள் மெல்ல மெல்ல ஏறியது. கோட்டுக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. பிறகு அது கோட்டைத் தாண்டிப் போய், முன்பு நிற்கிற இடத்தில் நின்றது. பச்சை எரிந்தது. வெளியே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

வாசலில் நிழல் தட்டியது. அண்ணையின் மகள் வெறும் போத்திலோடு நின்றாள். குழந்தை அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, அவள் போத்திலை நீட்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "மாமி, கண் என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"ஓம் எண்டுது. பிடி" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாரும் வாளியை வைக்குமுன் அப்படிக் கேட்கத் தொடங்கினார்கள். சிவப்பென்றால் பக்கக் குழாயில் பிடித்து, முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படித்தான் எனக்கு ஆட்களோடு கதைக்கக் கொஞ்சம் பழகியது. உங்களிடமும் சனம் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். கேட்கிற சனம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதை அச்சில் போடுமுன் விஷயம் தெரிந்த யாராவது ஒருதரம் பார்க்க வேண்டும். வெயிலில் இருக்கிற மறைவெளிச்சமும் லாம்பில் இருக்கிறதும் முழுக்க ஒன்றில்லை, அக்கம்பக்கத்து வெளிச்சங்கள், லாம்பில் இருக்கிறதுதான் கடுமையானது என்று இஞ்சினியர் பிள்ளை பிறகொருநாள் சொன்னதாக ஒரு ஞாபகம். நான் மேலே எழுதியது பிழையென்றால் வெட்டிவிடுங்கள். ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னாரா நாலு தரமா என்பது திரேசம்மாவுக்குத் தெரியும். அவள் இப்போது வேலணையில் மகனோடு இருக்கிறாள், காது கொஞ்சம் மந்தம், உரத்துக் கேட்க வேண்டும். பேதுரு அண்ணையிடம் கேட்க ஏலாது, அவர் போய்விட்டார். அவருடைய மகளிடம் கேளுங்கள். போத்திலை ஊற்றிய கதையைப் போடலாமோ என்றும் கேளுங்கள். அந்தக் குழந்தை இப்போது யாழ்ப்பாணத்தில் நின்று படிக்கிறாள், வளர்ந்த பிள்ளை. தன்னைப் பற்றி அச்சில் வருவது அவளுக்கு விருப்பமோ என்னவோ. வேண்டாம் என்றால் அந்த இடத்தை எடுத்துவிடுங்கள், எனக்குக் கோபம் இல்லை.